நாற்பதாவது சீட்டு



பள்ளிப் பணிகள் மிகுந்திருந்தமையால் சில வாரங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. இன்று எழுத அமர்ந்தமைக்குக் காரணம், சென்ற வாரம் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. அது என்னை முப்பது ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு குற்றத்திற்கு அழைத்துச் சென்றுவிட்டது. குற்றம் என்னுடையதுதான். இதுவரை இருவரிடம் மட்டுமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்று உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

அன்று கட்டுரைப் பாடம். மாணவர்களுக்கு எழுத ஆர்வம் பிறக்கட்டுமே என்று, ‘எனக்குப் பிடித்த ஐந்து திரைப்படங்கள்’ என்னும் தலைப்பைக் கொடுத்து, முதலில் பென்சிலால் வரிசைப்படுத்தி எழுதச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வகுப்பறை சந்தைக்கடையாகிவிட்டது. ஒரு பாதி விஜய் அணி. மறு பாதி அஜித் அணி. 2023 ஜனவரி 11-ஆம் நாள் ‘வாரிசு’, ‘துணிவு’ ஆகிய இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தபோது இவர்கள் நான்காம் ஆண்டைக்கூட எட்டாத குழந்தைகள். ஆயினும் எது எத்தனை கோடி வசூலித்தது என்பதை வாய்ப்பாட்டைப் போல் ஒப்பித்தார்கள். ஏழாம் வாய்ப்பாட்டை இவ்வளவு தெளிவாக ஒப்பித்திருந்தால் நான் அகமகிழ்ந்திருப்பேன்!

மூன்றாம் வரிசையில் அமரும் மாணவன் ஒருவன், அதிகம் பேசாதவன், முதலிடத்தில் ‘மெய்யழகன்’ என்று எழுதியிருந்தான். 2024-இல் வெளிவந்த படம். அருகிலிருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இவன் மெய்யழகன போட்டிருக்கான். அதுல சண்டையே இல்ல ஐயா!” என்று உரக்கச் சொன்னான். வகுப்பே சிரித்தது. அந்த மாணவன் எதுவும் சொல்லவில்லை. அழிப்பானை எடுத்தான், முதல் வரியை அழித்தான், அந்த இடத்தில் ‘லியோ’ என்று எழுதினான்.

நான் அவன் அருகில் சென்று தாளைப் பார்த்தேன். அழித்த எழுத்துகளின் தடம் ‘லியோ’வுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. அந்தத் தடத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு மைலோ டின் நினைவுக்கு வந்தது.

அப்போது 1991-ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் ஆண்டு மாணவன். ஆயர் ஈத்தாமை அறிந்தவர்களுக்கு அதன் அமைப்புத் தெரியும். ஜொகூர் பாருவுக்கும் மலாக்காவுக்கும் செல்லும் சாலையும், குளுவாங்கிலிருந்து பத்து பகாட்டுக்குச் செல்லும் சாலையும் இங்கேதான் குறுக்கிடுகின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட 1994-க்கு முன்னர், தெற்கே போகும் பேருந்துகளும் லாரிகளும் இங்கே நின்று, பயணிகள் பசியாறி, பூச்சாடியும் மண்பானையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கடைத்தெருவில் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுவார்கள். முடி வெட்டிக்கொள்பவர் ஒருவர் என்றால், பேச வந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள்.

பேச்சு எப்போதும் திரைப்படம்தான். என் தந்தையார் எம்.ஜி.ஆர் இரசிகர். 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர் மறைந்த செய்தி வந்தபோது வீட்டில் அடுப்பெரியவில்லை. அவருடன் பால்மரம் வெட்டிய நண்பர் ஒருவர், அப்பாவைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா அவரை ‘அண்ணே’ என்பார். நாங்கள் பெரியப்பா என்போம். அவர் சிவாஜி இரசிகர். இருவரும் விடியற்காலையில் ஒரே மிதிவண்டியில் வேலைக்காட்டுக்குப் போவார்கள். போகும்போதும் வரும்போதும் வாதம் ஓயாது.

“தேசிய விருது யாருக்குக் கெடச்சது? 1971-ல ரிக்‌ஷாக்காரன்! உங்க ஆளுக்கு நடிகருக்கான தேசிய விருது ஒன்னாச்சும் உண்டாண்ணே?” என்பார் அப்பா.

“டெல்லிக்காரன் குடுக்காட்டி என்னாடா? கட்டபொம்மனுக்காக 1960-லயே கெய்ரோவுல கூப்பிட்டுக் குடுத்தான். உலகத்துக்கே தெரிஞ்சது டெல்லிக்குத் தெரியலன்னா யாரு குத்தம்?” என்பார் பெரியப்பா.

இருவர் சொன்னதும் உண்மைதான். இரண்டு உண்மைகளை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் சண்டையிட முடியும் என்பதை நான் அவர்களிடம்தான் கற்றேன்.

இந்தச் சண்டை அவர்கள் கண்டுபிடித்ததும் அன்று. 1940-களில் தியாகராஜ பாகவதர் பெரியவரா, பி.யு. சின்னப்பா பெரியவரா என்று வாதிட்டவர்களின் பிள்ளைகள்தாம் எம்.ஜி.ஆர், சிவாஜி அணிகள் ஆனார்கள். அவர்களின் பிள்ளைகள் ரஜினி, கமல் அணிகள். அவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் அமர்ந்திருப்போரின் பெற்றோர்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் அளவுகோல் இருந்தது. 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்று பழைய இரசிகர்கள் பெருமை பேசுவார்கள். பின்னர் நூறு நாளும் வெள்ளி விழாவும் அளவுகோலாயின. இப்போது முதல் நாள் வசூல். அளவுகோல் மாறினாலும், அளக்கும் ஆசை மட்டும் மாறவேயில்லை.

அந்த 1991 தீபாவளிக்கு, நவம்பர் 5-ஆம் நாள், ‘தளபதி’யும் ‘குணா’வும் தமிழ்நாட்டில் ஒரே நாளில் வெளிவரவிருந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜாதான். படத்திற்கு முன்பே பாடல் ஒலிநாடாக்கள் எங்கள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன. இளைஞர்கள் ஒரு பக்கம் இரைய, பெரியவர்கள் மறுபக்கம் இரைய, கடைக்கார அண்ணனுக்குக் கத்தரி பிடிக்கவே முடியவில்லை. அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

“வாயால பேசுனது போதும். சீட்டு எழுதிப் போடுங்க. எது மொதல் படம்னு ஒரேயடியா முடிச்சிடலாம். தோத்தவங்க எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தரணும்.”

பழைய நாள்காட்டித் தாள்களைக் கத்தரித்துச் சீட்டுகள் செய்தார். மைலோ டின் மூடியில் ஒரு துளை போட்டார். ஒருவருக்கு ஒரு சீட்டு. ஒரே ஒரு படத்தின் பெயர். எழுதியவர் பெயர் வேண்டாம். சீட்டு விழும்போதெல்லாம் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். ஒரு வாரத்தில் நாற்பது கோடுகள் விழுந்தன. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால், டின்னை என்னிடம் கொடுத்து, எண்ணி முடித்து மணிலா அட்டையில் பட்டியலாக எழுதிவரச் சொன்னார். பதினொரு வயதுச் சிறுவனுக்கு அதைவிடப் பெரிய பதவி ஏது?

சனிக்கிழமை இரவு, லயத்து வீட்டின் முன்னறையில் பாயை விரித்து எண்ணினேன். ‘எங்க வீட்டுப் பிள்ளை’க்கு ஒன்பது, ‘பாசமலர்’க்கு எட்டு. அடுத்த சீட்டைப் பிரித்தேன். ‘பாசமலர’ என்றிருந்தது. ரகரத்தின் மேல் புள்ளியில்லை.

என் தந்தையார் மூன்றாம் ஆண்டு வரையில்தான் படித்தவர். எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவே மாட்டார். என் தேர்ச்சி அறிக்கையில் அவர் இட்ட கையொப்பத்தை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவன் நான். ஐயமே இல்லை, அது அப்பாவின் சீட்டு.

எம்.ஜி.ஆர் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் என் அப்பா, சிவாஜி படத்திற்குச் சீட்டுப் போட்டிருக்கிறார்! எனக்கு உடல் நடுங்கியது. இது வெளியே தெரிந்தால் கடையில் அவர் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? சீட்டில் பெயரில்லை என்பதும், அவர் எழுத்தை அடையாளம் காண என்னைத் தவிர எவராலும் இயலாது என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போய் விறகடுப்பில் போட்டேன். பிறகு வந்து பட்டியல் எழுதினேன்.

1. எங்க வீட்டுப் பிள்ளை – 9
2. பாசமலர் – 8
3. நாயகன் – 6
4. திருவிளையாடல் – 5
5. தில்லானா மோகனாம்பாள் – 4
5. முள்ளும் மலரும் – 4
7. உலகம் சுற்றும் வாலிபன் – 3

மறுநாள் காலை அட்டையைக் கடைச் சுவரில் ஒட்டியதும் எம்.ஜி.ஆர் அணியினர் ஆரவாரம் செய்தார்கள். அப்பாவும் கைதட்டினார். பெரியப்பா மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைக் கூட்டிப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த கோடுகளை எண்ணினார்.

“தம்பி, கோடு நாப்பது இருக்கு. சீட்டு முப்பத்தொம்பதுதான் வருது. ஒன்னு எங்கய்யா?”

“அது வெறுஞ்சீட்டு பெரியப்பா” என்றேன்.

“அந்த வெறுஞ்சீட்டக் காட்டு.”

நான் விழித்தேன். அப்போது அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “தோத்தவந்தாண்ணே கணக்குக் கேப்பான்.”

கடையே வெடித்துச் சிரித்தது. பெரியப்பா மேலும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போய் அனைவருக்கும் தேநீருக்குச் சொல்லி, பணத்தையும் தாமே கொடுத்துவிட்டு, தமக்கென ஒரு குவளையும் வாங்காமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மாதத்திலிருந்து முடி வெட்டிக்கொள்ள அவர் யோங் பெங்குக்குப் பேருந்து ஏறினார். வேலைக்காட்டுக்குத் தம் மகனின் மிதிவண்டியில் போனார். சில ஆண்டுகளில் அவர் குடும்பம் தோட்டத்தை விட்டுக் குளுவாங்கில் குடியேறியது. விடைபெறும் நாளில்கூட அப்பாவிடம் இரண்டு வார்த்தைதான் பேசினார்.

ஒரு திரைப்படத்திற்காகவா இப்படி என்று நீங்கள் வினவலாம். திரைப்படத்திற்காக அன்று. பெரியப்பா தோல்வியை ஏற்கத் தெரியாதவர் அல்லர். தேநீர் வாங்கிக் கொடுத்தாரே! நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டபோது, உடனிருந்த தம்பியே தம்மை நகைப்புக்கு உள்ளாக்கினான் என்பதுதான் அவர் மனத்தில் தைத்தது. அந்த முள்ளை நட்டவன் நான்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 2001 ஜூலை 21, சனிக்கிழமை, சிவாஜி கணேசன் மறைந்தார். நான் அப்போது ஆசிரியர் பயிற்சி மாணவன். அந்த வார இறுதியில் வீட்டில் இருந்தேன். செய்தி வந்த இரவு அப்பா வாசற்படியில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, “குளுவாங்குக்குப் போய் அண்ணனப் பாத்துட்டு வரணும். நீயும் வா” என்றார். துக்கம் விசாரிக்கத்தான். சிவாஜிக்குக் குளுவாங்கில் உறவினர் யார்? எங்களுக்குப் பெரியப்பாதான்.

பெரியப்பா எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். நாற்காலியைக் காட்டினார். நாளிதழிலிருந்து கத்தரித்த சிவாஜி படத்தின் முன் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருவரும் பேசவில்லை. என்னால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. சீட்டின் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன்.

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

“நீ பாசமலருக்கா போட்ட?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவருக்கு ஒரு தங்கை இருந்ததை நான் அறிவேன்; நான் பிறப்பதற்கு முன்பே, சிகாமட் பக்கத்துத் தோட்டமொன்றில், தலைப்பிரசவத்தில் இறந்துபோனவர். அதற்கு மேல் வீட்டில் எவரும் பேசியதில்லை. அன்றுதான் அப்பா சொன்னார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி ‘பாசமலர்’ காட்டியபோது அண்ணனும் தங்கையும் ஒரே பாயில் அமர்ந்து பார்த்தார்களாம். அண்ணன் தங்கையாகச் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த அந்தப் படம் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தை அவர் கையை விடவேயில்லையாம். அத்தை போன பிறகு அந்தப் படத்தை அவர் மறுமுறை பார்க்கவேயில்லை. ஆனால் சீட்டு கைக்கு வந்து, பெயர் எழுத வேண்டாம் என்றதும், வேறு எந்தப் படத்தின் பெயரும் எழுதவரவில்லை என்றார்.

“சீட்டு ஒன்னு கொறையுதுன்னு நீங்க கேட்டப்ப, அது என்னோடதா இருக்குமோன்னு ஒரு நெனப்பு வந்துச்சுண்ணே. தோண்டுனா என்ன எழுதுனன்னு கேப்பாங்களே. அதான் வாய அடக்க அப்படிச் சொல்லிட்டேன்.”

பெரியப்பா சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு விரல்விட்டு எண்ணி, “அப்படின்னா ஒம்பதுக்கு ஒம்பது. ரெண்டும் சமம்” என்றார். மீண்டும் சற்று நேரம் கழித்து, “இதுக்காக யோங் பெங்குல போயி முடி வெட்டுனேன். அவன் ஒரு தடவகூட ஒழுங்கா வெட்டல” என்றார். முதலில் சிரித்தவர் அப்பாவா, பெரியப்பாவா என்பது எனக்கு நினைவில்லை.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது அந்த இரண்டு படங்களைப் பற்றியே எண்ணிக்கொண்டு வந்தேன். ‘பாசமலர்’ 1961, இயக்கியவர் பீம்சிங். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ 1965, இயக்கியவர் சாணக்யா. இரண்டுக்கும் இசை விசுவநாதன் இராமமூர்த்தி. இரண்டிலும் நாயகனுக்குப் பாடிய குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது. கடையில் எதிரெதிரே நின்று கத்தியவர்கள் வீட்டுக்குப் போய் ஒரே குரலில் கரைந்திருக்கிறார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியுமே 1954-இல் ‘கூண்டுக்கிளி’யில் ஒன்றாக நடித்தவர்கள்தாமே! அதன்பின் இருவரும் இணைந்து நடிக்கவில்லை என்பது வேறு கதை.

தரவரிசை போடுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஓர் இன்பம் இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற திறனாய்வாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள். இங்கிலாந்தின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகின் தலைசிறந்த படம் எது என்று வாக்கெடுக்கிறது. முதல்முறை இத்தாலியப் படமான ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ வென்றது. 1962 முதல் 2002 வரை ஐந்து முறை ‘சிட்டிசன் கேன்’, 2012-இல் ‘வெர்டிகோ’. 2022-இல் 1,600-க்கும் மேற்பட்டோர் வாக்களித்தபோது, பெல்ஜியத்தைச் சேர்ந்த சாந்தால் அகெர்மன் என்னும் பெண்மணி 1975-இல் எடுத்த ‘ஜான் டீல்மான்’ முதலிடம் பெற்றது. படங்கள் மாறவில்லை, கேட்கப்பட்டவர்கள் மாறினார்கள். அந்த அவைக்கே இப்படியென்றால் எங்கள் மைலோ டின் எம்மாத்திரம்?

நான் சொல்ல விழைவது ஒன்றுதான். பட்டியலில் உள்ள எண் மனிதனை அவன் சார்ந்த அணியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அணிக்குள் நின்றுவிட்டால் தன் மனத்திற்குப் பிடித்ததைச் சொல்லக்கூட அஞ்ச வேண்டியிருக்கிறது. நாற்பத்து மூன்று வயதான என் தந்தைக்கு ஏற்பட்ட அதே அச்சம்தான், என் வகுப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கையில் அழிப்பானைக் கொடுத்தது.

மறுநாள் வகுப்பில் இந்தக் கதையை மாணவர்களுக்குச் சொன்னேன். பிறகு புதிய தாள் கொடுத்தேன். இம்முறை எண் போட வேண்டாம். படத்தின் பெயர், அதை யாருடன் பார்த்தாய், ஏன் பிடித்தது ஆகிய மூன்றை மட்டும் எழுது. வரிசையைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். வகுப்பு அமைதியானது. விஜய் அணியின் தலைவனாக முழங்கிய மாணவன், தன் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது பாட்டியுடன் பார்த்த ஒரு பழைய படத்தைப் பற்றி எழுதினான். மெய்யழகன் மாணவன் எழுதிய வாக்கியத்தை அவன் இசைவோடு இங்கே தருகிறேன்: “படம் முடிந்ததும் என் தாத்தா தாம் பிறந்த தோட்டத்து வீட்டைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.”

அந்தக் கட்டுரைக்குச் சில எழுத்துப் பிழைகளுக்காக மதிப்பெண் குறைக்க வேண்டியிருந்தது. குறைத்தேன், ஆசிரியர் தொழில் அப்படி. ஆனால் எண்ணை எழுதுவதற்கு முன் கை சற்றே தயங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். இருபத்து மூன்று தாள்களில் நம் நாட்டுத் தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த ‘ஜகாட்’, தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்களின் கதையைச் சொன்னது. மொழி அடிப்படையில் படங்களைப் பிரித்துப் போட்டியிடச் செய்வதா என்று பெரும் விவாதம் எழுந்த 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. இந்த மாணவர்கள் வளர்ந்தபின் அதைப் பார்க்க வேண்டும். யாருடன் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம்.

பெரியப்பா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கடைசி வரையில் அவர் ஆயர் ஈத்தாமுக்கு வந்துதான் முடி வெட்டிக்கொண்டார். என் தந்தையாருக்கு இப்போது எழுபதைக் கடந்த அகவை. இன்றும் யாராவது, “ஐயா, ஒங்களுக்குப் பிடிச்ச மொதல் படம் எது?” என்று கேட்டால், சற்றும் தயங்காமல் “எங்க வீட்டுப் பிள்ளை” என்பார். நான் அருகில் இருந்தால் என் முகத்தைப் பார்க்காமல் சொல்வார். நானும் திருத்துவதில்லை.

வாசகர்களே, உங்கள் முதல் படம் எது? பெயரைச் சொல்லும் முன், அதை யாருடன் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மீண்டும் சந்திப்போம்.